கொள்ளிடத்து மணலும் கடற்கரைப் படலும்

ஆனி மாதத்தில் அரியலூரிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் போனால், திருமானூர் தாண்டியதும் கொள்ளிடப் பாலம் வரும். பாலம் ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்திவிட்டு, ஆற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தாலும் கொள்ளிடத்துக்கு வந்திருக்காது; மிச்ச நீருக்கான ஆறு இது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். பிற்பகலில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேலைக்காற்று ஆற்றின் போக்கிலேயே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். செருப்பைக் கழற்றி நின்றால் கணுக்காலில் ஊசி குத்துவதுபோல் மணல் தெறிக்கும். முழங்காலுக்கு மேல் அந்தக் குத்தல் குறைந்துவிடும். முகத்தில் ஏறக்குறைய ஒன்றும் படாது.

அந்த மணலில் எங்காவது ஒரு வெள்ளரிக் கொல்லை இருந்தால், அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் படலைக் கவனியுங்கள். பனை மட்டையும் முள்ளும் மிலாறும் வைத்துக் கட்டிய, முழங்கால் உயரச் சாதாரணப் படல்தான். ஆடுமாடு புகாமல் இருக்கக் கட்டியது. காற்று வரும் பக்கத்தில் அதன் அடியில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும். மறுபக்கம் போய்ப் பார்த்தால் நீளமாக ஒரு மணல் வால். படலின் உயரத்தைக் கையால் அளந்து, அந்த வாலைக் காலடியால் அளந்தால், உயரத்தைப்போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு நீளம் தேறும். யாராவது படலில் ஓட்டையை அடைக்கத் தகரத்தைச் செருகியிருந்தால் அந்த இடத்தில் நடந்திருப்பது வேறு. தகரத்தின் காலடியில் குழி விழுந்திருக்கும். மணல் நிற்க வேண்டிய இடத்தில் மணல் பறிபோயிருக்கும்.

ஓலைப் படல் மணலைச் சேர்க்கிறது, தகரம் மணலைத் தோண்டுகிறது. கடலோர ஊர்களைப் புயலிலிருந்து காக்க உலகம் முழுக்கக் கையாளும் மிக மலிவான ஒரு முறையின் மொத்தச் சூத்திரமும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. மணல் வேலி என்று அதைச் சொல்லலாம். கடலே இல்லாத அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நின்றுகொண்டு அதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அதற்கு முன் அந்தப் படலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

காற்று மணலைத் தூக்கிக்கொண்டு பறப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். புழுதியை அப்படித் தூக்கும். மணலை அவ்வளவு எளிதில் தூக்க முடியாது. கால் மில்லிமீட்டர் அளவுள்ள மணல்பரல் காற்றுக்குப் பெரிய சுமை. காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் காய்ந்த மணல் அசையவே தொடங்கும். அசைந்த பரல் துள்ளும். சிறிது தூரம் காற்றோடு போய், தாழ்ந்த கோணத்தில் வந்து தரையில் மோதும். மோதிய வேகத்தில் தானும் மறுபடி எழும்பி, பக்கத்திலுள்ள பரல்களையும் தட்டி எழுப்பும். ஒன்று பத்தாகி, பத்து நூறாகித் தரையை ஒட்டியே ஒரு மணல் ஓட்டம் உண்டாகும். கணுக்காலில் குத்துவதும் முகத்தில் படாததும் இதனால்தான்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். எகிப்து, லிபியப் பாலைவனங்களில் பழைய ஃபோர்டு கார்களில் சுற்றியவர். பிறகு இங்கிலாந்து திரும்பி, காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்து அதில் மணலை ஓடவிட்டுப் பார்த்தார். அவருடைய புத்தகம் 1941இல் வந்தது; இன்றும் இந்தத் துறையில் நுழைபவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். அவர் கண்டதில் நமக்கு வேண்டியது ஒன்று. காற்று சுமக்கும் மணலின் அளவு காற்றின் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் மணல் எட்டு மடங்கு. திருப்பிப் பார்த்தால், காற்றின் வேகத்தைப் பாதியாக்கிவிட்டால் அது சுமந்துவந்த மணலில் எட்டில் ஏழு பங்கைக் கீழே போட்டாக வேண்டும்.

காற்றை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் தளர்த்தினால் போதும். படல் செய்வது அதைத்தான். சந்துகளுக்குள் நுழைந்து போகும் காற்று வேகம் இழக்கிறது; மறுபக்கம் பத்து மடங்கு தூரத்துக்கு அந்தத் தளர்ச்சி நீடிக்கிறது; அவ்வளவு தூரமும் மணல் இறங்குகிறது. தகரம் காற்றை வழிமறிக்கிறது. வழி இல்லாத காற்று மேலேயும் பக்கத்திலும் முண்டிக்கொண்டு போகும்போது சுழல் உண்டாகி அடிமணலைத் தோண்டிவிடுகிறது. ஆகவே மணல் வேலியில் எவ்வளவு ஓலை இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு சந்தும் இருக்க வேண்டும். நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு சந்து என்பது பல நாடுகளின் அனுபவத்தில் தேறிய கணக்கு. நெருக்கமாக, அழகாக முடைந்த கீற்றுத் தட்டி இதற்கு உதவாது. ஏனோதானோவென்று கட்டியது போல் தெரியும் படல்தான் சரியான படல்.

ஒரு வேலி எவ்வளவு மணலைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் உயர வேலி மூழ்கும்வரை மணல் சேர்ந்து, பத்து மீட்டர் அகலத்தில் இரு பக்கமும் சரிந்து நிற்பதாக வைத்துக்கொண்டால், ஓடும் மீட்டருக்கு ஐந்து கன மீட்டர். நூறு மீட்டர் வேலிக்கு 500 கன மீட்டர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் 175 யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் ஏற்றும் லாரியில் கிட்டத்தட்ட அறுபது நடை. இந்த அறுபது லோடையும் டீசல் இல்லாமல், ஜேசிபி இல்லாமல், காற்றே கொண்டுவந்து கொட்டும். வேலி மூழ்கியதும் அதன் தலைமேல் இன்னொரு வேலி நட்டால் மேடு இன்னும் ஒரு மீட்டர் உயரும்.

பிரான்சின் தென்மேற்கில் லாந்து என்ற பகுதியில் கடற்கரை மணல் ஊர்களையும் வயல்களையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 1780களின் கடைசியில் பிரெமோன்தியே என்ற பொறியாளர் அங்கே கடலோரமாகப் பலகைகளைச் சந்து விட்டு நட்டார். மணல் ஏற ஏறப் பலகையை மேலே இழுத்துவிடுவார்கள். பலகையோடு மேடும் எழும்பும். பின்பு அந்த மேட்டுக்குப் பின்னால் பைன் மரக்காடு எழுந்தது. அமெரிக்காவின் வட கரோலினா கரையில், 1930களின் பொருளாதார மந்த காலத்தில், வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு மிலாறு வேலி கட்டி, மணல் மேடுகளை எழுப்பிப் புல் நட்டார்கள். சீனாவில் 1950களில் பாலைவனத்தின் ஊடே போன பாவ்தோ - லான்ஜோ ரயில் பாதையை மணல் மூடாமல் இருக்க, ஷாபோதோ என்ற இடத்தில் வைக்கோலை ஒரு மீட்டர்க் கட்டங்களாக, சதுரங்கப் பலகைபோல் தரையில் ஊன்றினார்கள். நம் நாட்டில் ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இதே கலையில் ஊறியது. தார் பாலைவனத்து மேடுகளில் உள்ளூர்ப் புதர்களின் கிளைகளை வரிசையாகவும் கட்டங்களாகவும் நட்டு, மணலின் ஓட்டத்தை அடக்கி, மழை விழுந்ததும் இடையில் மரக்கன்றும் புல்லும் வைப்பது அவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் முறை.

லாந்திலும் பாலைவனங்களிலும் மணல் எதிரியாக இருந்தது. அதை நிறுத்தத்தான் வேலி. நம் கிழக்குக் கரையில் மணல் காவலாள். இங்கே வேலி அதைத் தேக்கி வைப்பதற்கு.

சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் எக்கர் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அலையும் காற்றும் குவித்த மணல்மேடு அது. அதன்மேல் அடும்பு படர்ந்திருக்கும், பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னை, ஞாழல். அந்தக் காலத்துப் புலவர்கள் கடற்கரையைக் கடலிலிருந்து ஊரை நோக்கி வரிசை பிசகாமல் பார்த்திருக்கிறார்கள். இன்றைய கடலோரச் சூழலியல் பாடநூல் வரைந்து காட்டும் படமும் இதே வரிசைதான். முதலில் உப்பும் மணலும் தாங்கும் கொடி, பிறகு புதர், பிறகு மரம்.

இந்த மேடு ஊரைக் காப்பாற்றும் விதத்தைப் பலரும் சுவர் என்று புரிந்துகொள்கிறார்கள். சுவர் வேலையையும் அது செய்கிறது என்பது உண்மை. ஆனால் மேட்டின் பெரிய வேலை வேறு. புயலில் வரும் உயர்ந்த அலை மேட்டின் முகத்தைக் கடித்து மணலைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது அழிவு. இழுபட்ட மணல் கரைக்குச் சற்று வெளியே நீருக்கடியில் திட்டாகப் படியும். அடுத்து வரும் அலைகள் கரையை அடையும் முன்னரே அந்தத் திட்டில் தடுக்கி உடைந்து, வலுவிழந்து வந்து சேரும். புயல் ஓய்ந்த பின் சிற்றலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு ஏற்றும். அது காய்ந்ததும் காற்று மேட்டுக்கு ஏற்றும். குதிருக்குள் நெல் போட்டு வைப்பதுபோல் கரை தனக்காகப் போட்டு வைத்த சேமிப்பு மணல்மேடு. கருங்கல் கொட்டிய தடுப்பால் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்ய முடியாது. அதில் மோதும் அலை திரும்பி, கல்லின் முன்னாலுள்ள மணலையும், கல் முடியும் இடத்துக்கு அப்பாலுள்ள ஊரின் மணலையும் அரித்துக்கொண்டு போகும். நம் கரையில் ஒரு குப்பத்துக்குக் கல் கொட்டினால் அடுத்த குப்பம் கல் கேட்டுப் போராடுவது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 நமக்குக் கற்பித்த பாடத்தில் மணல்மேடு பற்றியதும் ஒன்று. தமிழ்நாட்டில் அன்று இறந்த ஏறத்தாழ எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தின் மஸ்கரன்யஸ், ஜெயகுமார் இருவரும் சுனாமிக்குப் பின் தமிழகக் கரையைப் பார்வையிட்டு 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேடும் அடர்ந்த மரங்களும் இருந்த இடங்களில் அலை அடங்கியதையும், மேடு இல்லாத இடங்களிலும் முகத்துவாரம்போல் திறந்து கிடந்த இடங்களிலும் நீர் உள்ளே பாய்ந்ததையும் அது பதிவுசெய்கிறது. இலங்கையில் யாலவில் நடந்தது இன்னும் துலக்கமானது. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு விடுதிக்கு முன்னாலிருந்த மணல்மேட்டை அகற்றியிருந்தார்கள். அந்த விடுதி அடியோடு போயிற்று. அக்கம்பக்கத்தில் மேடு நின்ற இடங்கள் தப்பின. அங்கு போன பன்னாட்டு ஆய்வுக் குழு இதைத் தன் அறிக்கையில் குறிப்பிட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நாம் செய்தது மனத்தை உறுத்துகிறது. சுனாமிக்குப் பின் பசுமை அரண் என்ற பெயரில் கரை நெடுகச் சவுக்கு நட்டோம். சவுக்கால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். காற்றைத் தடுக்கும், விறகும் கழியும் தரும். ஆனால் பல இடங்களில், சவுக்கை வரிசையாக நடுவதற்கு வசதியாக, அங்கிருந்த மணல்மேட்டைச் சமன்செய்தார்கள். எது நம்மைக் காத்ததோ அதை வெட்டி, காக்கும் என்று நம்பியதை நட்டோம். சவுக்குச் சருகு மெத்தையாக விழுந்த இடத்தில் அடும்பு படராது, புல் முளைக்காது. சில இடங்களில் நீர்க்கோடு வரைக்கும் நட்டதால் ஆமை முட்டையிட இடமில்லாமல் போயிற்று. சட்டம் இல்லாமலும் இல்லை. 2011இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் 2019இல் வந்ததும் மணல்மேடுகளை உச்சபட்சப் பாதுகாப்புள்ள முதல் வகையில் வைத்திருக்கின்றன. மேட்டை வெட்டுவதும் உருமாற்றுவதும் தடைசெய்யப்பட்டவை.

போன மேட்டைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றால், முடியும். படல்தான் அதற்கு முதல் கை.

சோழமண்டலக் கரையில் அதைச் செய்வதற்கு இந்தக் கரையின் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீனவர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், ஆனால் அப்போது மழை. நனைந்த மணல் துள்ளாது. தையில் மழை நின்று மணல் காய்ந்த பிறகு, பிற்பகல் கடற்காற்றும் மாசி பங்குனிக்குப் பின் வரும் தென்கிழக்குக் காற்றும்தான் மேடு கட்டும் கொத்தனார்கள். ஆகவே படல் தையில் நடப்பட வேண்டும். மார்கழிக்கு முன் நட்டால் புயலுக்குத் தீனி.

இடம் தேர்வதும் முக்கியம். உயர்ந்த ஓதம் தொடும் கோட்டுக்கு மேலே, ஏற்கெனவே கொடி முளைத்திருக்கும் இடத்தின் கடல்பக்க விளிம்பில், கரைக்கு ஏறக்குறைய இணையாக நட வேண்டும். கடலுக்கு மிக அருகில் நட்டால் முதல் பெரிய அலையே பிடுங்கிப்போகும். பின்தள்ளி நட்டால் மணல் அங்கே வந்து சேராது. கழிக்குச் சவுக்கு மிலாறு போதும். ஓலைக்குப் பனை மட்டை, தென்னங்கீற்று, சீமைக் கருவேல முள்கூட உதவும். மக்கிப்போகும் பொருளாக இருப்பதில் ஒரு நன்மை, வேலை முடிந்த வேலியை யாரும் பிடுங்க வேண்டாம். மேட்டுக்குள்ளேயே மக்கிப் புல்லுக்கு எருவாகும். பழைய நைலான் வலையைக் கட்டும் யோசனை எங்கு வந்தாலும் மறுத்துவிட வேண்டும். அது ஆமையின் கழுத்தில் சுருக்காக விழும்.

ஆமைகளை நினைத்துத்தான் வேலியை ஒரே நீளமாகக் கட்டாமல் துண்டு துண்டாக, நடுவே தாராளமாக வழிவிட்டு, சற்றுச் சாய்வாக நடுகிறார்கள். பங்குனி ஆமைகள் கரையேறும் தை முதல் பங்குனி வரையிலான காலமும், படல் நடும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுவதால் நம் கரையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதே இடைவெளி மீனவருக்கும் வேண்டும். படகு ஏற்ற வழி, வலை உலர்த்தவும் கருவாடு காயப்போடவும் இடம், இவற்றைக் கேட்காமல் கட்டிய வேலி ஒரு மாதம்கூட நிற்காது, நிற்கவும் கூடாது. எந்த இடத்தில் மணல் ஏறுகிறது, எங்கே கடல் கடிக்கிறது என்பதை எந்தச் செயற்கைக்கோளையும்விடத் துல்லியமாகக் குப்பத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

வேலி மணலைக் கொண்டுவரும். பிடித்து வைப்பது செடியின் வேலை. நம் கரையில் அந்த வேலைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று இராவணன் மீசை. முறுக்கிய மீசைபோல் விறைத்த இலையுள்ள புல். அதன் பெண்கொத்து, முள் பந்துபோல் உருண்டையாகக் காய்ந்து, தாயிடமிருந்து ஒடிந்து, காற்றில் கடற்கரை முழுக்க உருண்டு ஓடும். கடலோரப் பிள்ளைகள் அதைத் துரத்தி விளையாடுவார்கள். உருண்டு போய் எங்கே தடுக்கி நிற்கிறதோ அங்கே மணலும் சேர்கிறது, விதையும் விழுகிறது. மணல் மூட மூட இந்தப் புல் சாவதில்லை. புதைந்த கணுவில் வேர் விட்டு மேலே எழும்பும். மேடு உயர்வதோடு தானும் உயரும் வேலி அது. மற்றது அடும்பு, அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். ஆட்டுக் குளம்புபோல் பிளந்த இலை, ஊதாப் பூ, பல மீட்டர் நீளத்துக்கு ஓடும் கொடி. கணுவுக்குக் கணு வேரூன்றி மணலை வலைபோல் கட்டிவிடும். படல் மூழ்குவதற்குள் இவ்விரண்டும் வேரூன்றிவிட்டால் பிறகு மனிதக் கை தேவைப்படாது. நடந்து மிதிப்பதையும் வண்டி ஓட்டுவதையும் தடுத்தால் போதும்.

இனி, அரியலூருக்கு வருகிறேன்.

இந்த இரு மாவட்டங்களும் ஒரு காலத்தில் கடலடி. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கே ஏறி வந்து நின்றது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. காரையின் களிமண் ஓடைகளில் இன்றும் மழைக்குப் பின் தொல்லுயிர் எச்சங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னார். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர் கடலாக இருந்தது என்பது தெரியும். கடல் கிழக்கே போய்விட்டது என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கடற்கரைக்கும் தங்கள் ஊருக்கும் இன்றும் ஒரு பற்று அறாமல் இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்தப் பற்று கொள்ளிடம். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடி, திருமழபாடியையும் திருமானூரையும் தொட்டு, அணைக்கரை தாண்டி, பழையாறு, கொடியம்பாளையம் பக்கம் கடலில் சேர்கிறது. காவிரி படுகைக்குள் கிளை கிளையாகப் பிரிந்து சலித்துப்போகும். வெள்ளத்தையும் மணலையும் கடல்வரை சுமந்து செல்வது கொள்ளிடம்தான். அது கக்கும் மணலை அலைகள் வாங்கிக்கொள்ளும். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் அந்த மணலைப் பிச்சாவரம், பரங்கிப்பேட்டை என்று வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கேயும் போகும். இந்த வடக்கு நோக்கிய மணல் ஓட்டம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1876இல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கே தடைபட்ட மணல் சேர்ந்து இன்றைய அகன்ற மெரினா உண்டானது. மணல் கிடைக்காத ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது.

கடற்கரைக்கு வந்து சேர்ந்த மணலில் காய்ந்ததைக் காற்று எடுக்கிறது. காற்று எடுத்ததைப் படல் பிடிக்கிறது. திருமானூரில் நம் கணுக்காலில் குத்திய பரல், வெள்ளத்தில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உருண்டு போய், கொடியம்பாளையத்தில் ஒரு மணல்மேட்டின் உச்சியில் இராவணன் மீசையின் வேரில் தங்கலாம். அதன் இயல்பான பயணம் அதுதான்.

அந்தப் பயணம் இன்று பல இடங்களில் அறுபட்டிருக்கிறது. 1934இல் கட்டிய மேட்டூர் அணைக்குப் பின்னால் மேற்கு மலைகளின் வண்டலும் மணலும் தேங்குகின்றன. மிஞ்சியதை லாரிகள் அள்ளின. குவாரி என்ற பெயரிலும், இரவில் பெயரே இல்லாமலும் அள்ளின. ஆற்றின் அடிமட்டம் இறங்கினால் கரையூர்க் கிணறுகள் வற்றுவதும், பாலத் தூண்களின் கால் தெரிவதும் நமக்குத் தெரியும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் உடைந்தபோது, ஆற்று மணலை அள்ளியதையும் பலர் காரணமாகச் சுட்டினார்கள். பெரம்பலூர் நகரத்துக் குழாய்க்கு வரும் தண்ணீர்கூடக் கொள்ளிடத்து மணலில் ஊறிய தண்ணீர்தான். திருமானூர் மக்கள் மணல் குவாரிக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடியதும் இந்தத் தண்ணீருக்காகத்தான்.

அவர்கள் போராடியது தங்கள் கிணற்றுக்காக. ஆனால் அந்தப் போராட்டத்தில் கடற்கரைக்கும் ஒரு பங்கு இருந்தது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுவதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் இது நாற்பது விழுக்காட்டைத் தாண்டுகிறது. துறைமுகச் சுவர்கள், கல் தடுப்புகள், ஏறிவரும் கடல்மட்டம் என்று காரணங்கள் பல. ஆறுகள் மணல் கொண்டுவராததும் அவற்றில் ஒன்று. கடற்கரையில் எவ்வளவு நேர்த்தியாகப் படல் நட்டாலும், கரையில் காய்ந்த மணல் இல்லாவிட்டால் அந்தப் படலின் சந்து வழியாக வெறும் காற்றுதான் போகும். வந்த மணலைச் சேர்த்து வைக்கத்தான் வேலிக்குத் தெரியும், புதிதாக மணலை உண்டாக்கத் தெரியாது. கடலோரப் பாதுகாப்புக்கு எழுதப்படும் திட்டங்களில் நான் காணும் பெரிய குறை, அவை கடற்கரையோடு நின்றுவிடுவது. கரையைக் காக்கும் திட்டத்தின் முதல் பக்கம் ஆற்றில் தொடங்க வேண்டும்.

கட்டடத்துக்கு மணல் வேண்டாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. எம்-சாண்ட் அதற்கு ஒரு பதில். அதற்காகப் பாறை உடைப்பதில் எத்தனை துன்பம் என்பதைப் பெரம்பலூர்க் குவாரிகளைச் சுற்றி வாழ்கிறவர்கள் அறிவார்கள். அதையும் ஒழுங்குபடுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் உடைத்த பாறைத் துகளால் வீடு கட்ட முடியும். அதை வைத்துக் கடற்கரையில் மேடு கட்ட முடியாது. அந்த வேலைக்கு ஆறு உருட்டி, சலித்து, மழுக்கித் தந்த மணல் மட்டுமே இருக்கிறது.

கொள்ளிடக் கரையிலுள்ள ஊராட்சிகளில் மணல் குவாரி பற்றிய பேச்சு கிராம சபையில் மறுபடி வரும். வழக்கம்போல் குடிநீர், கிணறு, பாலம், கரை உடைப்பு எல்லாம் தீர்மானத்தில் எழுதப்படும். அந்தக் காரணங்களோடு பழையாறு, கொடியம்பாளையம் என்ற இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.